நீலமாகவே நின்ற தாள்

நல்ல செய்தி சொன்னவளின் முகத்துக்கு நேரே ஒருத்தி அழுவாள் என்று லோஜினி நினைக்கவேயில்லை.

“நீலம், ராத்தா. எல்லாம் நீலம். உங்கட வாப்பா எடுத்த படங்களுக்கு ஒண்டும் ஆகேல்ல,” என்று சொல்லி, விரல் நீளம்கூட இல்லாத சோதனைத் தாள்களை அவள் மேசையில் பரப்பினாள். றம்லா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். பார்த்து முடித்து, முக்காட்டு நுனியால் கண்ணை ஒற்றினாள்.

“அப்ப நீங்க கொண்டுபோக மாட்டீங்க.”

“சுகமா இருக்கிற ஆளை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது?”

எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல லோஜினிக்கு வராது. லிங்கநகரில் அவள் வீட்டில் முதன்முதல் பட்டம் வாங்கியவள் அவள்தான். தகப்பன் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டி இறக்குகிறவர். மகள் இரசாயனவியல் படித்து முடித்ததும் உலகம் எழுந்து கதிரை தரும் என்று அந்த வீடு நம்பியிருந்தது. கதிரை வரவில்லை. வேலையில்லாத பட்டதாரிகளோடு மாவட்ட அலுவலகமான கச்சேரியின் வாசலில் வெயிலில் குந்தியிருந்து கத்தியதில் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில் கிடைத்தது இந்த ஒப்பந்த வேலை. மாவட்டம் முழுக்க ஸ்டூடியோக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் கிடக்கும் பழைய நெகட்டிவ்களில் எது செத்துக்கொண்டிருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். திட்டத்துக்குப் பொறுப்பான சஞ்சீவன் அதைச் ‘சீர்கேடு’ என்பார். ‘செத்துக்கொண்டிருக்கிறது’ என்பது லோஜினியின் சொல்.

பழைய பிலிம் வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்தால் தனக்குள்ளேயே புளிக்கத் தொடங்கும். வினாகிரிப் போத்தலைத் திறந்த மாதிரி ஒரு மணம் வரும். அந்தப் புளிப்பே மிச்சத்தையும் அரிக்கும். பிலிம் சுருங்கும், வளையும், மேல்படலம் கொப்புளித்து உரியும். பிறகு முகமும் இல்லை, படமும் இல்லை. சோதனைத் தாளைப் பிலிமோடு வைத்து மூடி ஒரு நாள் விட்டால் அது எவ்வளவு தூரம் போய்விட்டது என்று நிறத்தில் தெரியும். நீலமென்றால் சுகம், பச்சையென்றால் காய்ச்சல், மஞ்சளென்றால் அவசர சிகிச்சை. போகிற வீடெல்லாம் அவள் இப்படித்தான் விளங்கப்படுத்துவாள். அவசர சிகிச்சை என்பது துறைமுகத்தைப் பார்த்த பழைய கட்டடமொன்றில் திட்டக்காரர் கட்டியிருந்த குளிர் அறை. அதற்குள் போனால் புளிப்பு உறைந்து நின்றுவிடும். ஆனால் அறை சின்னது. காய்ச்சல்காரருக்கே அங்கே இடம் காணாது. நீலங்களை யார் பார்ப்பது?

றம்லாவின் தகப்பன் ஸெய்னுதீன் மத்திய வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஸ்டூடியோ நடத்தியவர். அவர் மௌத்தாகிப் பல வருடம். ஸ்டூடியோவும் அவரோடு படுத்துவிட்டது. முன்பக்கம் இப்போது றம்லாவின் கணவன் அன்ஸாரின் கருவாட்டுக் கடை. பின்னால் இருந்த இருட்டறையில் மட்டும் சுவர் முட்டப் பிஸ்கட் தகரப் பேணிகள், பேணிகளுக்குள் நெகட்டிவ்கள். அடையாள அட்டைக்கு எடுத்தது, கலியாணத்துக்கு எடுத்தது, மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்து எடுத்தது, தோப்பூரிலிருந்து அறுவடை முடிந்து குடும்பமாக வந்து ஒரே வாங்கில் நெருக்கியடித்து இருந்து எடுத்தது. அந்த வீடுகளில் பலதை ஒருதரம் சண்டை கலைத்தது, ஒருதரம் கடல் கழுவியது. படங்கள் போய்விட்டன. நெகட்டிவ் இங்கே இருந்தது. இப்போதும் யாராவது வந்து, “உங்கட வாப்பா எங்கட உம்மாவ ஒரு படம் எடுத்தாரே,” என்று வாசலில் நிற்பார்கள். றம்லா பேணி பேணியாகத் தேடுவாள்.

“இஞ்ச பாருங்க, நீலமாம்,” என்று அவள் இப்போது கடைப்பக்கம் திரும்பிச் சொன்னாள்.

அன்ஸார் சுறாத் துண்டுகளைப் புரட்டிக்கொண்டே தலையை நீட்டினார். “அல்ஹம்துலில்லாஹ். நீலம் நல்லதுதானே?”

“நல்லது எண்டா எடுக்க மாட்டாங்களாம்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். “மிஸ், நான் கெட்டவன் எண்டு நினைக்காதீங்க. சித்திரை பிறந்தா சீசன். கருவாடு காயவைக்கிற வாடிக்காரன் சரக்கோட வந்து நிப்பான். இந்த அறை எனக்கு வேணும். மாமாட சாமானை வீசமாட்டன், அது பாவம். மேல பரண்ல ஏத்தி வைக்கிறன்.”

லோஜினி அண்ணாந்து பார்த்தாள். பரணுக்கு மேலே தகரக் கூரை. பங்குனி வெயிலுக்கே அது சட்டி போலக் காய்ந்துகொண்டிருந்தது.

“அங்க வைச்சா வெந்துபோகும், நானா.”

“அப்ப நீங்க எடுங்க.”

“நீலத்துக்கு இடம் தரமாட்டினம் எண்டு சொல்லுறனெல்லே!”

றம்லா ஒரு பேணியைத் திறந்து, ஒரு நெகட்டிவைத் தாள் உறையிலிருந்து உருவிக் காட்டினாள். அது நேராக நிற்கவில்லை. பொரித்த அப்பளம் மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து எழும்பியிருந்தது.

“இது சுகமா, புள்ள?”

“அது உங்கட வாப்பா சரியாக் காய வைக்காத பிழையா இருக்கும்,” என்றாள் லோஜினி. “தாள் பொய் சொல்லாது.”

றம்லா அந்த நெகட்டிவைப் பழையபடி உறைக்குள் தள்ளினாள். வாப்பாவைப் பற்றிச் சொன்னது அவளுக்குச் சுட்டிருக்கும். ஆனால் அவள் சுட்டதைக் காட்டுகிற ஆள் இல்லை. லோஜினி தாள்களை அள்ளிக்கொண்டு எழும்ப, அன்ஸார் மறித்தார்.

“வெறுங்கையோட போகாதீங்க மிஸ். எங்கட கடைக்கு வந்துட்டு அப்படிப் போனா எனக்குத்தான் அவமானம்.” பத்திரிகையில் சுற்றிய சுறாக் கருவாட்டுப் பொட்டலமொன்று அவள் பைக்குள் போய் விழுந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு விருப்பம்தான். அந்தத் தெருவில் அது நடக்காது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பூரணி பைக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்தாள். “சுறாவோ? அருமையான சாமான். ஆர் தந்தது?”

“ஒரு நானா. அவற்ற சாமானை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு, அவர் தந்த சாமானை வாங்கிக்கொண்டு வந்தனான்,” என்று லோஜினி சிடுசிடுத்தாள். குளிக்கப் போகுமுன் பையை ஒழுங்கு பண்ணியவள், ஒரு கடித உறையைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

அன்று காலையில் கருவாட்டுக் கடைக்குப் போகுமுன் அவள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். அங்கே தாள்கள் எல்லாம் பழுத்த மஞ்சள். சஞ்சீவனுக்குக் காட்டவென்று உறைக்குள் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் பின்னாலும் பள்ளிக்கூடத்தின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தாள். பெயர் அப்படியே இருந்தது. தாள்தான் நீலமாகியிருந்தது.

உறையை மூக்கில் வைத்து மணந்தாள். சுறா.

“அம்மா, அந்தக் கருவாட்டைத் தொடாதைங்கோ!”

“ஏனடி? அதுக்கும் பட்டம் குடுக்கப் போறியோ?”

லோஜினி குசினி நிலத்தில் சப்பாணி கொட்டி இருந்தாள். உயர்தர வகுப்பிலேயே படித்த விசயம். அமிலம் பட்டால் மஞ்சளாகும் நிறங்காட்டி, அதற்கு எதிரான மூலம் பட்டால் நீலமாகும். கருவாட்டு மணம் என்றால் என்ன? அமோனியா, அமீன். அமீன் என்றால் மூலம். பத்துப் பதினைந்து வருடமாக அந்த இருட்டறையின் பேணியும் உறையும் சுவரும் கருவாட்டைக் குடித்துக்கொண்டிருக்கின்றன. பிலிம் அமிலத்தை விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன, தாளை நீலத்தில் நிறுத்தி வைக்க அந்தக் காற்றே போதும். வினாகிரி மணம் ஏன் ஒருத்தரின் மூக்கிலும் ஏறவில்லை என்பதும் இப்போது விளங்கியது. சுறாவுக்கு முன்னால் வினாகிரி எந்த மூலைக்கு?

‘தாள் பொய் சொல்லாது.’ தான் சொன்னதை நினைக்க அவளுக்குக் காது சூடேறியது. வளைந்த பிலிமை ஒரு மனுசி கையில் பிடித்துக் காட்டினாள். அதைச் சரியாகப் பார்க்காமல், செத்துப்போன மனிதரில் பழியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

கோபம் வந்தால் மற்றப் பெண்கள் பாத்திரத்தை உடைப்பார்கள் என்றால், லோஜினி பரிசோதனை செய்வாள். இரண்டு புதுத் தாளை எடுத்து, அலுமாரியிலிருந்த வினாகிரிப் போத்தலின் வாயில் பிடித்து மஞ்சளாக்கினாள். இரண்டு ஜாம் போத்தலைக் கழுவித் துடைத்தாள். ஒன்றுக்குள் தாளும் ஒரு துண்டுச் சுறாவும். மற்றதுக்குள் தாள் மட்டும். மூடியை இறுக்கி முற்றத்து மாமரத்தின் கீழ் வைத்தாள். காலையில் பார்த்தால், சுறாவோடு இருந்தது கடும் நீலம். தனியாக இருந்தது மஞ்சள் கொஞ்சம் வெளிறி அப்படியே.

இரண்டு போத்தலையும் சஞ்சீவனின் மேசையில் ‘டக்’ என்று வைத்தாள். சஞ்சீவன் கொழும்பிலிருந்து வந்தவர், மெதுவாகப் பேசுகிறவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அதுவே லோஜினிக்கு எரிச்சல்.

“லோஜினி, இது என்ன? சாப்பாடா?”

“நான் தந்த ரிப்போட் பிழை, சேர். ஸெய்னுதீன் ஸ்டூடியோ நீலமில்ல.”

அவள் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை கேட்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தாள் பொய் சொல்லாது எண்டு போன மாசம் என்னோட சண்டை பிடிச்சது நீங்கதானே?”

“தாள் பொய் சொல்லேல்ல. நான்தான் கேள்வியைப் பிழையாக் கேட்டனான். அமிலம் எவ்வளவு எண்டு கேட்டன். அது அமிலத்துக்கும் சுறாவுக்கும் நடந்த சண்டையில ஆர் வெண்டது எண்டு மறுமொழி சொல்லியிருக்கு.”

சஞ்சீவன் சிரித்தே விட்டார். சிரிப்பு முடிந்ததும் சொன்னார்: “சரி. கருவாடு தாளை மாத்தும். ஒத்துக்கொள்றன். ஆனா அதனால பிலிம் பழுது எண்டு ஆகாது. உள்ளுக்குப் பிலிம் உண்மையாவே சுகமாவும் இருக்கலாமே.”

“வளைஞ்சிருக்கு, சேர்! கண்ணால பாத்தனான்.”

“வளையிறதுக்கு நூறு காரணம். நீங்களே அவங்களுக்கு ஒரு காரணம் சொன்னீங்கதானே.”

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. குளிர் அறையில் மிஞ்சியது கடைசித் தட்டு ஒன்று. அதை நகரத்துப் பெரிய கடைக்காரர் ஒருவரின் பெட்டிகளுக்கென்று பேசி வைத்திருந்தார்கள். அவை வெளிர்ப் பச்சை. திங்கட்கிழமை ஏற்றுவதாக இருந்தது.

“பச்சைக்கு முன்னால உங்கட பேணிகளை வைக்கிறதெண்டா எனக்கு உண்மையான அளவு வேணும்,” என்றார் சஞ்சீவன். “கருவாடு இல்லாத காத்தில. இஞ்ச வைக்கேலாது, இந்தக் கட்டடம் முழுக்க மத்தப் பெட்டியளின்ர புளிப்பு. கருவாடும் இல்லாத, புளிப்பும் இல்லாத ஒரு இடம்.”

“எங்கட வீடு.”

“உங்கட வீட்டில கருவாடு சமைக்கிறதில்லையா?”

“இண்டையிலயிருந்து இல்ல.”

பூரணிக்கு இந்தச் செய்தி போனபோது அவள் அகப்பையோடு முற்றத்துக்கு வந்துவிட்டாள். “திங்கள் வரைக்கும் மீனும் இல்ல, கருவாடும் இல்லையோ? கொப்பருக்கு ஆர் சொல்லுறது?”

“நான் சொல்லுறன். அப்பா வேலையால வந்தா கிணத்தடியில குளிச்சுப்போட்டுத்தான் வாசல்படி மிதிக்கோணும்.”

“மனுசன் வருசக்கணக்கா மீன் நாத்தத்தோடதானடி இந்த வீட்டுக்குள்ள வந்தவர். அந்த நாத்தத்திலதான் நீ படிச்சனி.”

லோஜினி வாளியை எடுத்தாள். கூடத்தைச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற பூரணி, “தள்ளு, உனக்குத் தும்புத்தடி பிடிக்கவும் தெரியாது,” என்று வாங்கித் தானே தேய்த்தாள்.

சனிக்கிழமை காலை முச்சக்கரவண்டியில் றம்லா வந்து இறங்கினாள். மடியில் ஒரு பேணி. ஓடுகிற வண்டியில் அதை வேறு யாரிடமும் கொடுக்க அவளுக்கு மனமில்லை. லோஜினி வாசலிலேயே சொல்லிவிட்டாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னால் தனக்கு வராது என்று அவளுக்குத் தெரியும்.

“ராத்தா, உங்கட வாப்பாவில பிழை சொன்னனான். பிழை என்னில.”

“அவர் காய வைக்கிறதில விண்ணன், புள்ள,” என்றாள் றம்லா. அவ்வளவுதான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

நெகட்டிவ்களைப் பழைய உறைகளிலிருந்து உருவி, வெறும் மேசையில் மெல்லிய வெள்ளைத் துணி விரித்துக் காற்றாட விட்டார்கள். கருவாட்டு மணம் மெல்ல மெல்லக் கழன்றது. பின்னேரம், கழுவிக் காய்ந்த போத்தல்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிலிம்களைப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு புதுத் தாள். கடைசிப் போத்தலில் தாள் மட்டும்.

“அது என்னத்துக்குச் சும்மா?”

“அது எங்கட வீட்டுக் காத்து. அது நீலமா நிண்டாத்தான் மத்ததுகள் சொல்லுறதை நம்பலாம். அதுவும் மாறினா அம்மா எங்கயோ வினாகிரிப் போத்தலைத் திறந்து வைச்சிருக்கிறா எண்டு அர்த்தம்.”

“நான் ஏனடி திறக்கிறன்?” என்று குசினியிலிருந்து சத்தம் வந்தது. “நீ உன்ர மூக்கைக் கழுவு!”

றம்லா போத்தல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாள்கள் எல்லாம் இப்போதைக்கு நீலம், புதுச் சட்டை போட்ட பிள்ளைகள் மாதிரி.

“மகள், ஒண்டு கேக்கட்டா? இது மஞ்சளாகணும் எண்டு நான் துஆ கேக்கவா, ஆகக்கூடாது எண்டு கேக்கவா?”

லோஜினி திகைத்தாள். காலையிலிருந்து அவளுக்குள்ளும் அதுதான் குடைந்துகொண்டிருந்தது. மஞ்சளென்றால் வாப்பாவின் படங்கள் அரிபட்டுக்கொண்டிருக்கின்றன. நீலமென்றால் பரண், தகரம், சித்திரை வெயில். வருத்தம் வந்து படுத்தால்தான் கட்டில் தருவோம் என்கிற ஆஸ்பத்திரியை யார் கண்டுபிடித்தார்கள் என்று யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்க ஆளில்லை. தட்டுகள் கொஞ்சம்தான் என்பது சஞ்சீவனின் குற்றமும் இல்லை.

“உள்ளதைக் காட்டு எண்டு கேளுங்கோ, ராத்தா,” என்றாள். “எனக்கும் சேத்து.”

பூரணி பிளேன்டீயும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தாள். றம்லா கோப்பையை மேசையிலிருந்து தூரத் தள்ளி வைத்துக் குடித்தாள். தேத்தண்ணி ஆவியும் தாளைக் குழப்பிவிடுமோ என்று அவளுக்குப் பயம். குழப்பாது என்று சொல்ல வாயெடுத்த லோஜினி, சொல்லாமல் தன் கோப்பையையும் தள்ளி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தாள்களில் பச்சை ஏறியது. அன்று முழுக்கப் பருப்பும் கீரையும் சாப்பிட்ட தகப்பன் கைகழுவிவிட்டு வந்து மேசையைக் குனிந்து பார்த்தார். “பிள்ளை, இது பழுக்குது போல,” என்றார். திங்கள் விடிந்தபோது பழுத்தேவிட்டது. ஒன்று பச்சை கலந்த மஞ்சள், மற்றதுகள் மஞ்சள். மூடியைக் கொஞ்சம் திறந்தால் மூக்கில் அடித்தது, மறைக்க ஆளில்லாத தனி வினாகிரி. வீட்டுக் காற்றுப் போத்தலில் மட்டும் தாள் நீலமாகவே நின்றது.

லோஜினி மூடியைத் திரும்ப இறுக்கினாள். துள்ளவேண்டும் போலவும் இருந்தது, துள்ளினால் வாயிலேயே அடிக்கவேண்டும் போலவும் இருந்தது. முதலில் றம்லாவுக்குப் போன் எடுத்தாள்.

“மஞ்சள், ராத்தா.”

மறுபக்கத்தில் கடைச் சத்தம் விலகியது, ஒரு கதவு சாத்துப்பட்டது. பிறகு, “உள்ளதைக் காட்டிட்டான்,” என்றாள் றம்லா.

சஞ்சீவன் தானே மோட்டார் சைக்கிளில் வந்தார். போத்தல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். வீட்டுக் காற்றுப் போத்தலைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“இந்த ஒண்டை வைச்சிருக்காட்டி நான் நம்பியிருக்க மாட்டன்,” என்றார். “கடைக்காரர் பச்சைதான். அவர் அடுத்த தட்டுக் கட்டும் வரைக்கும் பொறுப்பார். நான் கதைக்கிறன்.”

“கோவிப்பார், சேர்.”

“கோவிக்கட்டும். கோவிக்கிற ஆளோட வேலை செய்து எனக்குப் பழகிப்போச்சு.”

பூரணி குசினிக்குள் சத்தமாகவே சிரித்தாள்.

ஆனால் பேணிகளை அப்படியே கொண்டுபோய்க் குளிர் அறையில் வைக்க முடியாது. கருவாட்டு மணத்தோடு போனால் அங்கே இருக்கும் மற்றப் பெட்டிகளின் அளவையும் அது கெடுத்துவிடும். எல்லாவற்றையும் உருவி, காற்றாட விட்டு, புது உறையில் போட வேண்டும். அன்ஸார் கடையை அரை நாள் பூட்டிவிட்டு, பேணிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு லிங்கநகருக்கு வந்தார். வாசலில் நின்றே கேட்டார்:

“மிஸ், அப்ப என்ட கருவாடுதான் இவ்வளவு நாளும் மாமாட படத்தைப் பாதுகாத்திருக்கு, என்ன?”

“பாதுகாக்கேல்ல, நானா. மறைச்சது.”

“கொஞ்சமெண்டாலும்?”

அமிலத்தைக் கொஞ்சம் மூலம் சமப்படுத்தியிருக்கவும் கூடும். அது தனக்குத் தெரியாது என்பதை லோஜினி ஒரு கணம் நேர்மையாக யோசித்தாள். “தெரியாது,” என்றாள். அன்ஸாருக்கு அதுவே போதுமாயிருந்தது. இதை ஊருக்கெல்லாம் எப்படிச் சொல்வார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. “நீங்க மட்டும் கிணத்தடியில குளிச்சிட்டு வாங்கோ,” என்றாள்.

கூடமெங்கும் துணி விரித்து, கையுறை போட்டுக்கொண்டு வேலை நடந்தது. பெரும்பாலானவை வளைந்திருந்தாலும் முகங்கள் முகங்களாகவே இருந்தன. ஒரு பேணி மட்டும் வேறு மாதிரி. அடியிலே கிடந்தது, எப்போதோ மழைத்தண்ணீர் ஊறியது. உள்ளே பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கருகிய வெல்லக் கட்டியாகியிருந்தன. லோஜினி ஒரு விளிம்பை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். படலம் தூளாக உதிர்ந்தது.

“இது போயிட்டுது, ராத்தா. இதை ஒண்டும் செய்யேலாது.”

வேறு யாராவதாக இருந்தால் மெல்லச் சொல்லியிருப்பார்கள். றம்லா அந்தக் கட்டியைக் கையில் ஏந்திப் பார்த்தாள். யார் யாருடைய முகம் அதற்குள் என்று அவளுக்கும் தெரியாது. உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு அதை மூடி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அடுத்த பேணியை இழுத்தாள்.

“பாக்கிக்கு வாங்க,” என்றாள். “இதுக்குள்ள ஒரு கலியாண வீடே இருக்கு.”

குளிர் அறையின் கனத்த கதவு மூடுபட்டபோது துறைமுகத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில், ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று யாரோ எறிந்த அட்டைப்பெட்டியை மென்றுகொண்டு நின்றது. றம்லா கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, சில்லிட்ட கையைக் கன்னத்தில் ஒற்றினாள்.

“எவ்வளவு காலம் தாங்கும், மகள்?”

“கரண்ட் போகாம இருந்தா, உங்கட பேரப்பிள்ளையள்ற பேரப்பிள்ளையளும் வந்து பாக்கலாம். அதுக்கிடையில ஒவ்வொண்டாக் கணினியில ஏத்துவம்.”

சஞ்சீவன் தொண்டையைச் செருமினார். “லோஜினி, கிண்ணியாவில, மூதூரில எத்தனை வீடு நீலமெண்டு எழுதினீங்க?”

அவள் அதை நினைக்காமலில்லை. சுறாப் போத்தலைத் திறந்த அன்றே நினைத்துவிட்டாள். கரையோரத்தில் எந்த வீட்டுக் குசினியில் கருவாடு தொங்கவில்லை? எத்தனை வாசலில் நின்று ‘சுகம்’ என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தாள்! இனி அத்தனை வாசலையும் திரும்பத் தட்ட வேண்டும்.

“எல்லாம் திரும்ப அளக்கோணும்,” என்றாள். “போத்தல் வேணும். நிறைய. உங்கட ஆக்கள் குடுக்காட்டி நான் கச்சேரி வாசலில குந்துவன்.”

“போத்தல் நான் எடுத்துத் தாறன். குந்த வேண்டாம்.”

“நாளைக்குக் காலம எந்த பஸ்?” என்று றம்லா கேட்டாள்.

லோஜினி திரும்பினாள். “நீங்கள் எங்க?”

“கிண்ணியாக்குத்தான். சாச்சி வீடு அங்கதான் இருக்கு. நீங்க தனியப் போய், முதல் சொன்னது பிழை எண்டு உங்கட வாயால சொன்னா, கதவைத் திறக்கவே மாட்டாங்க. நான் முன்னுக்கு நிண்டு ஸலாம் சொல்றன். நீங்க பின்னுக்கு நிண்டு போத்தலைப் பிடிங்க.”

“என்ர வாய்க்கு என்ன?”

“ஒண்டுமில்ல, புள்ள,” என்றாள் றம்லா, முக்காட்டைச் சரி செய்துகொண்டு. “போற வீட்டில கருவாடு தந்தா மட்டும் வாங்கிப் பைக்குள்ள போட்டுடாதீங்க. அதை நான் தனியாத் தூக்கிட்டு வாறன்.”